ஃபில்டரில் கிருமி சாகிறது என்று சொல்லும் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

நீங்கள் கேட்டது இது. உங்கள் கிளினிக்கின் காத்திருப்பு அறைக்கு ‘ஆன்டிமைக்ரோபியல்’ ஏர் ஃபில்டர் விற்க ஒருவர் வந்திருக்கிறார். பாக்டீரியா, வைரஸ் இரண்டையும் 99.99 சதவீதம் கொல்லும் என்று ஒரு லேப் ரிப்போர்ட்டும் கொடுத்திருக்கிறார். இந்தச் சோதனையை எப்படிச் செய்கிறார்கள், அந்த எண்ணை நம்பிக் கூடுதல் விலை கொடுக்கலாமா என்பது உங்கள் கேள்வி. இதற்குள் தனித்தனியாக மூன்று விஷயங்கள் இருக்கின்றன. காற்றில் வரும் கிருமியை ஃபில்டர் பிடிக்கிறதா? பிடித்த கிருமி ஃபில்டரிலேயே சாகிறதா? அதனால் அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு நோய் வருவது குறைகிறதா? விற்பனைக்கு வரும் ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலானவை இரண்டாவதற்கு மட்டும்தான் பதில் சொல்கின்றன. உங்களுக்கு வேண்டியதோ முதலாவதும் மூன்றாவதும். நான் நுண்ணுயிரியல் படித்துவிட்டு, ஃபில்டர்களையும் மாஸ்க்குகளையும் சோதிக்கும் ஆய்வகத்தில் பல வருடங்களாக வேலை பார்ப்பவன். டக்ட் (ஏசியின் காற்றுக் குழாய்) வடிவமைப்பு என் துறை இல்லை. அந்தப் பகுதியில் பொதுவாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பிடிப்பது. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, பல பத்தாண்டுகளாக நன்றாகப் புரிந்துகொள்ளப்பட்ட இயற்பியல் இது. பெரிய துகள், காற்று வளையும்போது தானும் வளைய முடியாமல் போய் இழையில் மோதுகிறது. மிகச் சிறிய துகள், காற்று மூலக்கூறுகள் தள்ளத் தள்ள அலைந்து இழையில் ஒட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில், ஏறத்தாழ 0.1 முதல் 0.3 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை, பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவு இருக்கிறது. நுண்துகளைப் பிடிக்கும் உயர்தர வகையான ஹெப்பா ஃபில்டருக்கு மதிப்பெண் போடுவதே அந்தக் கடினமான அளவில்தான்: எச்13 என்றால் குறைந்தது 99.95 சதவீதம், எச்14 என்றால் 99.995 சதவீதம். டக்ட்டில் போடும் ஃபில்டர்களுக்கு அமெரிக்காவின் ஆஷ்ரே 52.2 தரப்படி மெர்வ் எண் உண்டு. மெர்வ் 13 என்றால் 0.3 முதல் 1 மைக்ரான் வரையான துகளில் குறைந்தது 50 சதவீதம், 1 முதல் 3 மைக்ரானில் 85 சதவீதம், அதற்கு மேல் 90 சதவீதம் பிடிக்க வேண்டும். ஐரோப்பாவிலும் இங்கேயும் அதிகம் பேசப்படும் ஐஎஸ்ஓ 16890 இதையே இபிஎம்1, இபிஎம்2.5, இபிஎம்10 என்று, அதாவது 1, 2.5, 10 மைக்ரான் வரையான துகளில் எவ்வளவு பிடிக்கிறது என்று, வேறு விதமாகச் சொல்கிறது.

கவனியுங்கள், இந்தச் சோதனைகள் எதிலும் ஒரு பாக்டீரியாகூடக் கிடையாது. உப்புத் துகளையோ எண்ணெய்த் துளியையோ காற்றில் விட்டு, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் எண்ணுகிறார்கள். துகள் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது இழைக்குத் தெரியாது. அதன் அளவுதான் கணக்கு. ‘வைரஸ் 0.1 மைக்ரான்தானே, ஃபில்டர் வழியாகப் போய்விடாதா’ என்று பலர் கேட்பார்கள். வைரஸ் தனியாகப் பறந்து வருவதில்லை. பேசும்போதும் இருமும்போதும் வெளியே வரும் உமிழ்நீர், சளித் துகளுக்குள் உட்கார்ந்துதான் வருகிறது. காற்றில் நீண்ட நேரம் மிதக்கும் அந்தத் துகள்கள் பெரும்பாலும் 5 மைக்ரானுக்குக் கீழே, ஆனால் வைரஸைவிடப் பல மடங்கு பெரியவை. அப்படியே 0.1 மைக்ரானில் வந்தாலும் நல்ல ஃபில்டர் அதையும் பிடிக்கும்.

இனி கொல்வது. ஃபில்டர் வழியாகக் காற்று போகும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மடித்து மடித்து வைத்த ஃபில்டர் தாளுக்குள் காற்று விநாடிக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வேகத்தில் போகிறது, தாளின் கனம் அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் நேரம் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு. இழையில் பூசிய வெள்ளியோ, துத்தநாகமோ, குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியோ அந்த நேரத்துக்குள், தன்னைத் தொடாமல் கடந்து போகும் கிருமியை ஒன்றும் செய்ய முடியாது. ஒட்டியதைத்தான் கொல்ல முடியும். ஒட்டிவிட்டது என்றால் அது ஏற்கெனவே அறைக் காற்றிலிருந்து போய்விட்டது. ஆக, பூச்சு வேலை செய்யத் தொடங்கும்போது உங்கள் நோயாளியைப் பொறுத்தவரை காரியம் முடிந்துவிட்டது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் விற்பனைக் காகிதத்தில் பாதி தானாகவே விலகிவிடும்.

சரி, உங்களிடம் கொடுத்த ரிப்போர்ட்டில் என்ன சோதனை செய்திருப்பார்கள்? முதல் பக்கத்தில் ஐஎஸ்ஓ 20743, ஐஎஸ்ஓ 18184, ஐஎஸ்ஓ 22196 அல்லது ஜப்பானின் ஜிஸ் இசட் 2801 என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் இரண்டும் துணிக்கான தரங்கள். 20743 பாக்டீரியாவுக்கு, 18184 வைரஸுக்கு. மற்ற இரண்டும் பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்புகளுக்கானவை. எல்லாவற்றிலும் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான். கிருமி கலந்த திரவத்தைச் சின்னத் துண்டின்மேல் விட்டு, மூடி வைத்து, குறித்த நேரம் கழித்து எடுத்து எண்ணுவது. 20743 முறையில் 37 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம். 22196 முறையில் துளியின்மேல் ஒரு மெல்லிய படலத்தை ஒட்டி, ஈரப்பதம் 90 சதவீதத்துக்குக் குறையாமல், 35 டிகிரியில் 24 மணி நேரம். 18184 முறையில் வைரஸுக்கு வழக்கமாக 2 மணி நேரம். இவை பொய்யான சோதனைகள் இல்லை. சட்டைத் துணிக்கும் சமையலறைப் பலகைக்கும் பொருத்தமானவை. ஆனால் ஃபில்டரில் கிருமி இப்படி வருவதில்லை. அங்கே அது உலர்ந்த துகளாக வந்து, ஓடும் காற்றில், ஏசி அறையின் ஐம்பது அறுபது சதவீத ஈரப்பதத்தில், ஒரு இழையில் ஒரு புள்ளியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளிப் பூச்சு வேலை செய்ய வெள்ளி அயனி கரைந்து வர வேண்டும், அதற்கு ஈரம் வேண்டும். ஒரு நாள் முழுக்க நனைந்த நிலையில் 99.99 சதவீதம் கொன்றது, உலர்ந்த நிலையில் எவ்வளவு கொல்லும் என்று அந்த ரிப்போர்ட்டிலிருந்து சொல்லவே முடியாது.

ஃபில்டருக்கு உரிய சோதனை ஏரோசால் சோதனை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எண் எங்கே ஏமாற்றும் என்பது இதன் உள்விவரங்களில்தான் இருக்கிறது. பாக்டீரியாவையோ வைரஸையோ வளர்த்து, ஒரு திரவத்தில் கலந்து, நெபுலைசர் மூலம் நுண்துளியாகக் காற்றில் விடுவோம். அந்தக் காற்று ஒரு குழாயில் போகும், நடுவில் ஃபில்டர். வேகம், வெப்பநிலை, ஈரப்பதம் எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கும். முன்னும் பின்னும் காற்றை உறிஞ்சி எடுக்கும் கருவிகள் இருக்கும். பாக்டீரியாவுக்கு ஆண்டர்சன் சாம்ப்ளர் என்று ஒன்று, 1958ல் வந்தது, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறு அடுக்கு, ஒவ்வொரு அடுக்கிலும் 400 துளை, நிமிடத்துக்கு 28.3 லிட்டர் காற்று. பெரிய துகள் மேல் தட்டிலும் சின்னத் துகள் கீழ்த் தட்டிலும் விழும். எந்த அளவுத் துகளில் உயிருள்ள பாக்டீரியா எவ்வளவு வந்தது என்று மறுநாள் காலனிகளை (தட்டில் பாக்டீரியா பெருகி உண்டாகும் புள்ளிகளை) எண்ணினால் தெரிந்துவிடும். வைரஸ் என்றால் திரவத்தில் சேகரித்து, அது தொற்றும் செல்களின்மேல் விட்டு எண்ண வேண்டும்.

எந்தக் கிருமி என்பதும் முக்கியம். உயிருள்ள கொரோனா வைரஸையோ காசநோய்க் கிருமியையோ காற்றில் தெளிக்க மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். அதனால் பெரும்பாலான இடங்களில் பதிலிகளைத்தான் பயன்படுத்துகிறோம். எம்எஸ்2, ஃபை6 ஆகியவை பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ்கள், மனிதருக்கு ஆபத்தில்லை. ஃபை6க்குக் கொரோனா போலக் கொழுப்புறை உண்டு, எம்எஸ்2க்குக் கிடையாது. இந்த வேறுபாடு கொல்லும் சோதனையில் பெரிய விஷயம். குளோர்ஹெக்ஸிடின் போன்ற மருந்துகள் கொழுப்புறை உள்ள வைரஸை எளிதில் சிதைக்கும், உறை இல்லாத அடினோ வைரஸ், நோரோ வைரஸ் வகைகளிடம் திணறும். பாக்டீரியாவிலும் அப்படித்தான். ஈகோலையும் ஸ்டஃபைலோகாக்கஸும் செத்தால் காசநோய்க் கிருமியும் சாகும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் மெழுகு போன்ற சுவர் பல கிருமிநாசினிகளை உள்ளே விடாது. உங்கள் காத்திருப்பு அறையில் இருமல் நோயாளிகள் உட்காருவார்கள் என்றால் நீங்கள் கவலைப்பட வேண்டியதே அந்தக் கிருமியைப் பற்றித்தான். ‘பாக்டீரியா 99.99’ என்று மொத்தமாகப் போட்டிருந்தால் எந்தப் பாக்டீரியா என்று கேளுங்கள்.

தெளித்த பிறகு ஃபில்டரை எடுத்து, உடனே ஒரு துண்டு, பத்து நிமிடம் கழித்து ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று என்று வெட்டி, திரவத்தில் போட்டுக் குலுக்கி, வெளியே வந்த உயிருள்ள கிருமியை எண்ணுகிறோம். இங்கேதான் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்று, கிருமி செத்ததா அல்லது இழையில் ஒட்டிக்கொண்டு வெளியே வரவில்லையா? இரண்டு, தெளிக்கும்போதே, காய்ந்துபோய், தானாகவே செத்தது எவ்வளவு? இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: அதே தாள், பூச்சு மட்டும் இல்லாமல், அதே நாளில், அதே நேரத்தில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஃபில்டர்மேல் 10 லட்சம் பாக்டீரியா விட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பூச்சில்லாத தாளில் 10,000 உயிரோடு கிடைக்கிறது, பூச்சுள்ளதில் 100. விட்ட எண்ணோடு ஒப்பிட்டால் 99.99 சதவீதம் குறைவு, விளம்பரத்துக்கு அழகான எண். பூச்சில்லாத தாளோடு ஒப்பிட்டால் 99 சதவீதம். பூச்சின் பங்கு என்று சொல்லக்கூடியது பின்னதுதான். மீதி எல்லாம் பூச்சே இல்லாமலும் நடந்திருக்கும்.

மூன்றாவது பள்ளம் அதிகம் பேர் கவனிக்காதது. பூச்சிலுள்ள மருந்தும் குலுக்கும் திரவத்தில் கரைந்து வரும். அது, கிருமியை வளர்த்து எண்ணும் தட்டுக்குக் கிருமியோடு சேர்ந்து போய், ஃபில்டரில் சாகாத கிருமியைத் தட்டில் வளரவிடாமல் செய்துவிடும். நாமோ ஃபில்டரில் செத்தது என்று எழுதிவிடுவோம். இதைத் தடுக்கத் திரவத்தில் நடுநிலையாக்கி, அதாவது மருந்தின் வேலையை நிறுத்தும் பொருள், சேர்க்க வேண்டும். குளோர்ஹெக்ஸிடினுக்கு லெசித்தினும் பாலிசார்பேட் 80ம், வெள்ளிக்குத் தயோசல்ஃபேட், தயோகிளைக்கோலேட் வகை. சேர்த்தால் மட்டும் போதாது, அது உண்மையில் நடுநிலையாக்குகிறதா என்று தனியாகச் சோதித்த எண்ணும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். வைரஸ் சோதனையில் இதற்கு இணையானது, அந்த மருந்து செல்களையே கொல்கிறதா என்ற சோதனை. இந்த வரி இல்லாத ரிப்போர்ட்டை நான் இரண்டாம் முறை திறந்து பார்க்க மாட்டேன்.

இன்னொன்றும் சேர்த்துப் பாருங்கள். பூச்சில்லாத தாளிலேயே 50 காலனிதான் கிடைத்தது, பூச்சுள்ளதில் ஒன்றும் இல்லை என்றால், ‘50ல் ஒன்றுக்கும் குறைவு’ என்றுதான் சொல்லலாம், அதாவது 98 சதவீதத்துக்கு மேல். அங்கிருந்து 99.99க்குத் தாவ முடியாது. ஆகவே சதவீதத்தைவிட அதற்கு அடியில் இருக்கும் எண்ணிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள்.

மாஸ்க் நாட்களில் பிரபலமான ‘பிஎஃப்இ 99 சதவீதம்’ (பாக்டீரியாவைத் தடுக்கும் திறன்) என்ற எண்ணும் சில ஃபில்டர் ரிப்போர்ட்டுகளில் வரும். அது ஏஎஸ்டிஎம் எஃப்2101 முறை: சராசரியாக 3 மைக்ரான் அளவுள்ள ஸ்டஃபைலோகாக்கஸ் துளிகளை விட்டு, எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பது. 3 மைக்ரான் துளி பிடிக்க எளிதானது. அந்த எண்ணை வைத்து 0.3 மைக்ரானில் என்ன நடக்கும் என்று ஊகிக்க முடியாது.

நன்றாகச் செய்யப்பட்ட ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். 2022ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஃபில்டரில் குளோர்ஹெக்ஸிடின் டைகுளூக்கனேட் பூச்சு. நம் ஊரில் வாய் கொப்பளிக்கப் பயன்படுத்தும் அதே மருந்துதான். கேண்டிடா, ஈகோலை, மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆகியவை ஃபில்டரைத் தொட்ட 15 விநாடிக்குள் செத்தன, கொரோனா வைரஸ் 30 விநாடிக்குள் செயலிழந்தது என்று காட்டினார்கள். பூச்சினால் தாளின் அமைப்பும் காற்றோட்டமும் கெடவில்லை என்றும் பார்த்தார்கள். அப்புறம் ஆய்வகத்தோடு நிற்காமல் பிரிட்டனில் ஓடும் ரயில்களின் ஏசியில் இந்த ஃபில்டர்களைப் பொருத்தி, ஃபில்டரில் குடியேறும் நுண்ணுயிர்கள் வெகுவாகக் குறைவதையும் காட்டினார்கள். உலர்ந்த ஃபில்டரை விற்க, நனைந்த நிலையில் செய்த 24 மணி நேரச் சோதனையைக் காட்டிப் பிழைப்பு நடத்தும் சந்தையில் இது மதிக்கத்தக்க வேலை. ஆனாலும் அதில் அளந்தது என்ன என்று பாருங்கள்: ஃபில்டரின்மேல் உள்ள கிருமி. ரயிலில் பயணம் செய்தவர்களுக்கு நோய் குறைந்ததா என்பது அந்த ஆய்வின் கேள்வியே இல்லை. ஆய்வாளர்களின் குறை அல்ல இது. அந்தக் கேள்விக்குப் பதில் தேட வேறு மாதிரியான, மிகப் பெரிய ஆய்வு வேண்டும்.

சேம்பர் சோதனை என்று இன்னொரு வகை உண்டு, தனியாக நிற்கும் ஏர் பியூரிஃபயர்களுக்கு. மூடிய அறைக்குள் கிருமியைத் தெளித்து, கருவியை ஓடவிட்டு, காற்றில் எவ்வளவு மிச்சம் என்று நேரத்துக்கு நேரம் எடுப்பது. ஐஎஸ்ஓ 16000-36 இதற்கான ஒரு முறை. இது எனக்குப் பிடித்த சோதனை, ஏனென்றால் பிடிப்பதும் காற்றோட்டமும் சேர்ந்து ஒரே எண்ணாக வருகிறது. ஆனால் சேம்பரின் அளவைப் பார்க்காமல் சதவீதத்தைப் படிக்கக் கூடாது. மணிக்கு 300 கன மீட்டர் சுத்தக் காற்று தரும் ஒரு கருவியை 30 கன மீட்டர் சேம்பரில் வைத்தால் அரை மணி நேரத்தில் 99.3 சதவீதம் குறையும். அதே கருவியை 6 மீட்டருக்கு 5 மீட்டர், உயரம் 3 மீட்டர் உள்ள உங்கள் அறையில் வைத்தால், 90 கன மீட்டர், அரை மணியில் 81 சதவீதம்தான். ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் வைத்துச் சோதித்தால் ஒரே நிமிடத்தில் 99.3 சதவீதம் வந்துவிடும். கருவி மூன்று இடத்திலும் ஒன்றேதான். இதுகூட, தெளிப்பதை நிறுத்திய பிறகு நடக்கும் கணக்கு. உங்கள் அறையில் இருமுபவர் தொடர்ந்து இருமிக்கொண்டிருப்பார். அங்கே எண் பூஜ்யத்துக்குப் போகாது, ஒரு மட்டத்தில் நிற்கும். அந்த மட்டம் எவ்வளவு தாழ்வு என்பதை முடிவு செய்வது மணிக்கு எத்தனை முறை காற்று சுத்தமாகிறது என்பதுதான், பூச்சு அல்ல.

பூச்சினால் பிடிக்கும் திறனே குறையும் வாய்ப்பும் இருக்கிறது. இன்றைய பல ஃபில்டர் தாள்களின் இழைகளில் நிலைமின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். அதனால்தான் மெல்லிய தாள்கூட நுண்துகளைப் பிடிக்கிறது. ஆல்கஹாலிலோ சோப்புத்தன்மை உள்ள கரைசலிலோ நனைத்தால் அந்த மின்னூட்டம் போய்விடும். ஐஎஸ்ஓ 16890 இதற்காகவே தாளை ஐசோபுரொப்பனால் ஆவியில் வைத்து மின்னூட்டத்தை நீக்கி, முன்னும் பின்னும் அளந்து சராசரி எடுக்கிறது. கிருமிநாசினிக் கரைசலைப் பூசும்போதும் இதே விபத்து நடக்கலாம். பூச்சுக்கு முன் எடுத்த மெர்வ் எண்ணைக் காட்டி, பூச்சுக்குப் பின் உள்ள ஃபில்டரை விற்பது சரியில்லை. பூசிய பிறகு, அந்த ஃபில்டரிலேயே எடுத்த பிடிப்பு எண்ணும் அழுத்த இழப்பும் (காற்று போக எவ்வளவு தடை என்பதும்) வேண்டும். அதேபோல, மூன்று மாதம் ஓடிய ஃபில்டரில் இழை தெரியாத அளவுக்குத் தூசி படிந்திருக்கும். அதன்பின் வரும் கிருமி விழுவது தூசியின்மேல், பூச்சின்மேல் இல்லை. தூசி ஏற்றிய பிறகு கொல்லும் சோதனையை மறுபடி செய்திருக்கிறார்களா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

பூச்சிலிருந்து என்ன வெளியே வருகிறது என்பதும் சோதிக்கப்பட வேண்டும். தென்கொரியாவில் ஈரப்பதமூட்டிகளில் ஊற்றிய கிருமிநாசினி, முக்கியமாக பிஎச்எம்ஜி என்ற பொருள், மூச்சோடு உள்ளே போய்ப் பலரின் நுரையீரலைச் சிதைத்து உயிரைப் பறித்தது. 2011ல் அரசு காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை அதைக் குழந்தைகள் இருக்கும் அறைகளில் பாதுகாப்புக்கென்றே பயன்படுத்தினார்கள். 2016ல் அதே நாட்டில் ஏர் பியூரிஃபயர், கார் ஏசி ஃபில்டர்களில் ஓஐடி என்ற கிருமிநாசினி இருப்பது தெரிந்து அவற்றைத் திரும்பப் பெற வைத்தார்கள். தோலில் பட்டால் பரவாயில்லை என்பதால் மூச்சில் போனாலும் பரவாயில்லை என்று ஆகாது. அமெரிக்காவில் கிருமிநாசினி சேர்த்த பொருளுக்குப் பதிவு விலக்கு உண்டு, ஆனால் ‘பொருளைப் பாதுகாக்கிறது’ என்று மட்டும் சொல்லலாம். மனிதரை நோயிலிருந்து காக்கிறது என்று சொன்னால் அந்த விலக்கு கிடையாது. அங்கே பெரிய நிறுவனங்களின் ஃபில்டர் அட்டையில் வாசகம் அடக்கமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் பூச்சுக்குப் பயனே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். ஈரமான ஃபில்டரில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். ஏசி காயிலுக்கு (குளிர்விக்கும் குழாய்ச் சுருளுக்கு) பக்கத்தில், கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில், பூச்சு அந்த வளர்ச்சியையும் நாற்றத்தையும் குறைக்கலாம். ஃபில்டர் மாற்றுபவரின் கைக்கும் ஓரளவு பாதுகாப்பு. வைரஸ் ஃபில்டரில் வளராது, உயிருள்ள செல் இல்லாமல் அதற்குப் பெருக்கம் இல்லை. தானாகவே செயலிழக்கும், நேரம்தான் கூடக் குறைய ஆகும். ஒட்டிய நுண்துகள் சாதாரணக் காற்று வேகத்தில் மறுபடி பிய்த்துக்கொண்டு வருவதும் மிகக் குறைவு. ‘பிடித்த வைரஸ் திரும்ப அறைக்குள் வந்துவிடும், அதனால் கொன்றாக வேண்டும்’ என்ற வாதம் வலுவில்லாதது.

நோய் குறைகிறதா என்ற மூன்றாவது கேள்விக்கு வருவோம். இதில் மிக அழகான சோதனை 1950களின் இறுதியில் அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்தது. வில்லியம் வெல்ஸ், ரிச்சர்ட் ரைலி இருவரும் ஒரு காசநோய் வார்டின் காற்றை மேல்மாடியில் இருந்த கினிப்பன்றிகளின் கூண்டுகளுக்குக் கொண்டு போனார்கள். காற்றை மட்டும் சுவாசித்த அவற்றுக்குக் காசநோய் வந்தது; புற ஊதாக் கதிர் பட்ட காற்றைச் சுவாசித்த குழுவுக்கு வரவில்லை. தொற்று குறைந்ததா என்பதையே நேரடியாக அளந்த சோதனை அது. அண்மையில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில் கொரோனா வார்டில் ஹெப்பா கருவியை ஒரு வாரம் ஓடவிட்டு, முன்னும் பின்னும் நிறுத்திப் பார்த்தார்கள். கருவி நின்றிருந்தபோது காற்றில் கொரோனா வைரஸின் மரபுப் பொருள் கிடைத்தது, ஓடியபோது கிடைக்கவில்லை. கிருமிநாசினிப் பூச்சு எதையும் நம்பிச் செய்த வேலை அல்ல அது. அதையும் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும்: அங்கே பயன்படுத்திய பிசிஆர் சோதனை மரபுப் பொருளைத்தான் காட்டும், அது தொற்றும் நிலையில் இருந்ததா என்று காட்டாது. பூச்சுள்ள ஃபில்டர், அதே தரப் பூச்சில்லாத ஃபில்டரைவிட மனிதருக்கு வரும் தொற்றைக் குறைக்கிறது என்று நிறுவப்படவில்லை. நல்ல ஃபில்டரும் போதிய காற்றோட்டமும் காற்றிலுள்ள கிருமியைக் குறைக்கும் என்பது உறுதி.

உங்கள் அறைக்கு வருகிறேன். ஸ்பிளிட் ஏசி என்றால் அதிலுள்ள நைலான் வலையின் துளை கண்ணுக்கே தெரியும். அது காயிலில் பஞ்சும் முடியும் சேராமல் இருக்கத்தான். அதில் எந்தப் பூச்சு பூசினாலும் ஒரு மைக்ரான் துகள் அதைத் தொடாமலே போய்விடும். அந்த ஏசி வெளிக்காற்றையும் கொண்டு வராது, இருக்கும் காற்றையே சுற்றும். அங்கே அடர்த்தியான தாள் ஃபில்டரைச் செருகினால் காற்று குறைந்து காயில் உறைந்துபோகும், செருகாதீர்கள். அந்தப் பணத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு ஜன்னலைத் திறந்து வைக்கலாம். அது முடியாத நேரத்துக்கு, எச்13 ஃபில்டர் உள்ள, சுத்தக் காற்று அளவு அட்டையில் அச்சிட்ட கருவிகள் வாங்கலாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023ல் சாதாரணக் கட்டடங்களுக்கு மணிக்கு 5 முறையாவது காற்று மாற வேண்டும் என்றது. காற்றில் பரவும் நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் அறைக்கு அதன் அளவு 12. உங்கள் 90 கன மீட்டர் அறைக்கு 5 முறை என்றால் மணிக்கு 450 கன மீட்டர், அதாவது மேலே சொன்ன அளவில் இரண்டு கருவி. சத்தம் பொறுக்காமல் ஊழியர்கள் குறைந்த வேகத்தில் வைத்துவிடுவார்கள், எனவே நடு வேகத்திலேயே அந்த அளவு வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். டக்ட் ஏசி என்றால், மெர்வ் 13ஐ உங்கள் ஃபேன் தாங்குமா என்பதை அதை நிறுவிய பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது, பூசிய நிலையில் எடுத்த மெர்வ் அல்லது இபிஎம்1 எண், ஏரோசாலாகத் தெளித்துச் செய்த சோதனையா திரவமா என்பது, பூச்சில்லாத அதே தாளின் எண்ணிக்கைகள், நடுநிலையாக்கிச் சோதனை, தூசி ஏற்றிய பின் எடுத்த முடிவு, பூச்சின் வேதிப் பெயர். முதல் எண்ணே இல்லை என்றால் மற்றவற்றைக் கேட்கத் தேவையில்லை. எல்லாம் இருந்து, விலையும் சாதாரண ஃபில்டருக்கு அருகில் இருந்தால் தாராளமாக வாங்கலாம். இரண்டு மடங்கு விலை என்றால் நான் வாங்க மாட்டேன். அந்தப் பணத்துக்குச் சாதாரண ஃபில்டரை இரண்டு மடங்கு அடிக்கடி மாற்றுவேன்.

எதை வாங்கினாலும், மாற்றும்போது நோயாளிகள் இல்லாத நேரத்தில், ஏசியை நிறுத்திவிட்டு, என்95 மாஸ்க்கும் கையுறையும் போட்டு, ஃபில்டரைத் தட்டாமல் உதறாமல் நேராக ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். பூச்சு இருக்கிறது என்று வெறும் கையால் எடுக்க விடாதீர்கள்.